கையெழுத்துப் போடும் முன்

(மலேசியாவின் செமினியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். நானும் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள்தான். இலக்கியத்தைப் பற்றிப் பேசவே அறக்கட்டளையினர் என்னை அழைத்தார்கள். என் மகளைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். உடனே சரி என்றார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் என் நன்றி.

என் மகளுக்கு இப்போது 24 வயது. உட்கார முடியாது. தலை நிற்காது. பேச்சு இல்லை. பார்வை ஓரளவு உண்டு, வலிப்பும் உண்டு. மருத்துவர்கள் மூளை முடக்குவாதம் என்பார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இத்தகைய பிள்ளைகளின் உடல் இயக்கத்தை ஐந்து படிகளாக வகுத்தார்கள். முதல் படியில் உள்ள பிள்ளை ஓடும், கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். ஐந்தாம் படியில் உள்ள பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைத்திருக்கவே அடுத்தவர் கை வேண்டும். என் மகள் ஐந்தாம் படி. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பட்டம் வாங்கியவர்களை நாம் மேடையேற்றிப் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். எந்தப் பட்டமும் வாங்க முடியாத, எந்த மேடையும் ஏற முடியாத பிள்ளைகளும் நம் வீட்டு உள்ளறைகளில் படுத்திருக்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்கானது.

அந்தப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய பெரிய முடிவுகளை வேறு யாரோதான் எடுக்க வேண்டியிருக்கிறது. வயிற்றில் குழாய் வைப்பதா, வளைந்த முதுகெலும்பைக் கம்பி வைத்து நிமிர்த்துவதா, மூச்சு நின்றால் கருவியில் போடுவதா? தாளை நீட்டுகிறார்கள், பெற்றோர் கையெழுத்துப் போடுகிறோம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிள்ளையை நாள்தோறும் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டி உறங்க வைப்பவரிடம் ஓர் அறிவு இருக்கிறது. மருத்துவ அறிவின் இடத்தை அது பிடிக்க முடியாது. ஆனால் அதைக் கேட்காமல் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான். அந்த அறிவைக் கேட்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. அதை எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

நான் வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். எங்கள் ஆயாக் கொட்டகையில் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அந்த வரிசையின் கடைசியில் ஒரு கோணிப் படுக்கை கிடக்கும். அதில் ஓர் அண்ணன் படுத்திருப்பார். என்னைவிடப் பெரியவர், ஆனால் கைகால் குச்சியாக இருக்கும். பால் வெட்டப் போகும் அவருடைய அம்மா விடியற்காலையில் கொண்டு வந்து விடுவார். ஆயா மற்ற குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டிய கையோடு அவருக்கும் ஊட்டுவார். போகிற வருகிற நாங்கள் ஈ விரட்டுவோம். அந்தக் காலத்தை நான் பொன்னுலகமாகக் காட்ட வரவில்லை. தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸரிடம் காய்ச்சல் மருந்தைத் தவிர அவருக்குக் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை. அவர் அதிக காலம் இருக்கவும் இல்லை. ஆனால் அவருடைய அம்மா தனியாக இருக்கவில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, நம் சனம் அடுக்குமாடிகளுக்குப் போனது. மருத்துவம் பெருகியது, கூட இருக்கும் கை குறைந்தது. மின்தூக்கி பழுதான அடுக்குமாடியில் 14 வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைச் சீட்டோடு படியிறங்கும் தாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சோறு ஊட்டுவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் முதல் பெரிய முடிவு அங்கேதான் வருகிறது.

ஐந்தாம் படிப் பிள்ளைக்கு விழுங்குவது ஒரு வேலை. நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளாமல் வெளியே தள்ளும். தொண்டை மூடித் திறக்கும் ஒழுங்கு தவறும். கஞ்சியில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த இருமல்கூட வராது, சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கிவிடும். பிறகு நிமோனியா. என் மகளுக்கு எட்டு ஒன்பது வயதில் இதே கதைதான். ஒருவேளைக் கஞ்சி ஊட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். ஊட்டி முடித்ததும் மார்பில் காதை வைத்துக் கேட்பேன். அடுப்பில் குழம்பு கொதிப்பது போன்ற சத்தம் கேட்டால் அன்றிரவு காய்ச்சல் வரும். எடை ஏறவே இல்லை. விலா எலும்பை எண்ணலாம்.

சிறப்பு மருத்துவர் வயிற்றில் நேராகக் குழாய் வைக்கலாம் என்றார். வீட்டில் புயல் அடித்தது. "வாயால ஊட்டுறதுதானே தாய், வயித்துல ஓட்டை போட்டு ஊத்துறது என்ன சாப்பாடு?" என்றார் என் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தியின் நாக்கில் தன் ரசத்தைத் தொட்டு வைத்து, அவள் முகம் மலர்வதைப் பார்த்து மகிழ்ந்த மனுஷி அவர். ருசி என்ற ஒன்றையும் பிள்ளையிடமிருந்து பறிக்கிறார்களே என்றுதான் அழுதார். அந்தக் கேள்வி நியாயமானது. அதை அப்படியே மருத்துவரிடம் கொண்டு போனேன்.

இந்தக் குழாய் முறை எப்படி வந்தது என்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் உள்நோக்கியின் துணையோடு குழாய் வைக்கும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் 1979இல் முதன்முதலில் செய்தார்கள். அந்த முதல் நோயாளி ஒரு கைக்குழந்தை. சரியாக உண்ண முடியாத குழந்தைக்காகவே பிறந்த முறை அது. 2005இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் மூளை முடக்குவாதமுள்ள 57 பிள்ளைகளைக் குழாய் வைத்த பிறகு பின்தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். பிள்ளைகளின் எடை கூடியது, ஊட்டும் நேரம் குறைந்தது, பிள்ளைக்குப் போதிய உணவு போகிறதா என்ற பெற்றோரின் கவலையும் தணிந்தது.

இவ்வளவும் அன்று எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் நம்மவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "உங்க பிள்ளையா இருந்தா நீங்க என்ன செய்வீங்க டாக்டர்?" அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இவளை மாசத்துக்கு ஒருதடவ பார்க்குறேன். நீங்கதான் முழு நாளும் பார்க்குறீங்க. இவளுக்கு வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" வலது கால் கட்டைவிரல் மேலே விறைத்துக்கொள்ளும், மூச்சைப் பிடித்துக்கொள்வாள், அழமாட்டாள், கடைசியில்தான் அழுவாள் என்றேன். அவர் அதை ஒரு வார்த்தை விடாமல் கோப்பில் எழுதினார். அறுவைக்குப் பிறகு இதைப் பார்த்துத்தான் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்று தாதி மிஸ்ஸிகளுக்கும் எழுதி வைத்தார். அதுவரை நான் கேட்டுக்கொண்டிருப்பவளாக மட்டுமே இருந்தேன். சொல்ல வேண்டியதும் என்னிடம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த மருத்துவர் ஏதோ இரக்கத்தால் அப்படிச் செய்யவில்லை. அதற்கு அறிவியல் உண்டு. பேச முடியாத சிறு பிள்ளைகளின் வலியை முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுவது என்ற ஐந்தையும் வைத்து அளக்கும் முறை 1997இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு அது சரியாகப் பொருந்தவில்லை. 2006இல் அதைத் திருத்தியபோது, அந்தந்தப் பிள்ளைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றோரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள இடம் வைத்தார்கள். உங்கள் பிள்ளையின் கட்டைவிரல் சேதி மருத்துவ அளவுகோலுக்குள் இடம் பிடித்துவிட்டது என்று இதற்குப் பொருள். அதனால் ஒரு பள்ளி நோட்டு வாங்கி வையுங்கள். எப்போது வலிப்பு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எதைச் சாப்பிட்டால் வாந்தி, எப்படிப் படுத்தால் தூக்கம் என்று எழுதுங்கள். மருத்துவர் மாறலாம், மருத்துவமனை மாறலாம், நோட்டு உங்களோடு வரும்.

குழாய் வைக்கச் சம்மதித்தோம். சம்மதிக்குமுன் நான் கேட்டவற்றில் ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்: "இது ஒத்துவராவிட்டால் எடுத்துவிட முடியுமா?" முடியும் என்றார்கள். குழாயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் துளை தானாகவே மூடிக்கொள்ளும். என் மனம் அங்கேதான் சமாதானமானது. அன்றிலிருந்து இதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். மாற்றிக்கொள்ளக்கூடிய வழி இருக்கும்போது, மாற்ற முடியாத வழிக்கு அவசரப்பட்டுப் போகக் கூடாது.

குழாய் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. எச்சில் இன்னும் இறங்கத்தான் செய்கிறது, நெஞ்சுச் சளி இன்னும் வருகிறது, ஆனால் முன்போல் அடிக்கடி இல்லை. தலைப்பக்கத்தை உயர்த்தி, சிரிஞ்சைப் பிடித்து, பாலும் மைலோவும் தம் கனத்தில் இறங்கும் வரை காத்திருந்து, பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். மாமியார் அதைக் கற்றுக்கொண்டார். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ரசத்தை நாக்கில் ஒரு துளி தொட்டு வைப்பதையும் அவர் விடவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெற்றோர் நினைக்கிறார்கள். "நீங்களே பார்த்துச் செய்யுங்க டாக்டர், நீங்கதான் தெய்வம்" என்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1982இல் சாலை விபத்தில் கழுத்தில் அடிபட்ட ஒரு பெண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைகால் செயலிழந்து போனார். பூ பியோ நா வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி இறங்கி, 2006 டிசம்பர் 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தில் அவருக்கு நீதி கிடைத்தது. சிகிச்சையின் ஆபத்தை நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்கள் தங்களுக்குள் பேசி முடிவுகட்ட முடியாது, அதை நீதிமன்றமே எடைபோடும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2017இல் அதே நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் மருத்துவ உலகின் வழக்கம் அளவுகோல். ஆபத்தை எடுத்துச் சொல்வதில் நோயாளி அறிய வேண்டியது எதுவோ அதுவே அளவுகோல். ஆகவே கேளுங்கள். மலாயில் புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்கச் சொல்லுங்கள். அவசரச் சிகிச்சை இல்லையென்றால் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இனி, மருத்துவரும் பெற்றோரும் ஒத்துப்போகாத இடம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் டேவிட் கிளாஸ் என்ற பையன் இருந்தான். 1986இல் பிறந்தவன், கடுமையான பலவகைக் குறைபாடுகள். 1998இல் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவன் சாகும் நிலைக்கு வந்துவிட்டான், வேதனை தெரியாமல் போகட்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். தாய் ஒப்பவில்லை. அவர் எதிர்த்தும், ஓபியம் வகையைச் சேர்ந்த டையமார்பின் மருந்தை ஏற்றினார்கள். மூச்சு நின்றால் உயிர்ப்பிக்க வேண்டாம் என்று அவரைக் கேட்காமலே கோப்பில் எழுதினார்கள். வார்டிலேயே உறவினர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கைகலப்பு மூண்டது. உறவினர் சிலர் பிறகு சிறைக்கும் போனார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவே தாய் மகனை உலுக்கி எழுப்பினார். பையன் பிழைத்து அன்றே வீட்டுக்குப் போனான். 2004 மார்ச் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் மறுப்பை மீறி அந்தச் சிகிச்சையைச் செய்தது பையனின் உரிமையை மீறியது, கருத்து வேறுபாடு வந்தபோது மருத்துவமனை நீதிமன்றத்தை நாடியிருக்க வேண்டும் என்றது.

இதை வைத்துப் பெற்றோர் சொல்வதே எப்போதும் சரி என்று நான் வாதாடப் போவதில்லை. அதே இங்கிலாந்தில் 2017இல் சார்லி கார்ட் என்ற குழந்தை, அரிய மரபணு நோய். பெற்றோர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதனைச் சிகிச்சை செய்யத் துடித்தார்கள். அது குழந்தைக்குப் பயன் தராது, வேதனையை நீட்டும் என்று மருத்துவர்கள் சொன்னதை நீதிமன்றங்கள் ஏற்றன. முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழந்தை இறந்தது. பாசம் கண்ணை மறைக்கும் நேரம் உண்டு. எனக்கும் அது தெரியும். இரண்டு பக்கமும் இல்லாத மூன்றாவது ஒருவர் பிள்ளையின் பக்கம் நின்று கேட்க வேண்டியது அதனால்தான் அவசியமாகிறது.

இப்போது, பேசக் கூச்சமான ஒன்றைப் பேசப் போகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆஷ்லி என்ற பெயரால் உலகம் அறிந்த ஒரு சிறுமி. ஐந்தாம் படிதான். அறிவு கைக்குழந்தையளவே என்றார்கள். 2004இல், அவளுக்கு ஆறு வயதானபோது, பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்ப, அவளுடைய கருப்பையை எடுத்தார்கள். மார்பு வளராமலிருக்க அதன் மொட்டுகளை எடுத்தார்கள். உயரம் வளராமலிருக்க அதிக அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். சிறிய உடம்பாக இருந்தால் தூக்கிக்கொண்டு போகலாம், வெளியே காட்டலாம், படுக்கைப் புண் வராது, மாதவிடாய் வேதனை இல்லை, கடைசிவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது பெற்றோரின் விளக்கம். 2006இல் மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 2007 தொடக்கத்தில் உலகமே கொதித்தது. மாற்றுத் திறனாளிகளின் அமைப்புகள் எதிர்த்தன. நீதிமன்ற ஆணை இல்லாமல் கருப்பையை எடுத்தது மாநிலச் சட்டத்துக்கு மாறானது என்று 2007 மே மாதம் விசாரணை அறிக்கை சொன்னது. மருத்துவமனையும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பெற்றோரை அரக்கர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 24 வயதுப் பெண்ணைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் நான். என் கணவருடைய முதுகும் என் முழங்காலும் என்ன பாடு படுகின்றன என்று எங்களுக்குத்தான் தெரியும். பராமரிப்பவரின் உடம்பு விழுந்தால் பிள்ளையும் விழும். ஆகவே பெற்றோரின் வசதியும் பிள்ளையின் நன்மையில் ஒரு பங்குதான். இருந்தாலும் என் தீர்ப்பு இது: அங்கே செய்தது தவறு. தூக்கும் கருவியும் கூலிக்கு ஆளும் வாரத்தில் சில மணி நேர ஓய்வும் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சுமையின் பெரும்பகுதியை ஒரு சிறுமியின் உடம்பு சுமந்தது. அதுவும் மாற்றவே முடியாதபடி. அவளுக்காக மட்டும் பேச அந்த அறையில் ஒருவரும் இல்லை.

ஒரு தாய்தந்தை அன்பால் கேட்டபோதே இவ்வளவு சிக்கல். அன்பும் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 1994இல் புனே நகரில் நடந்ததே சாட்சி. சிரூரில் இருந்த அரசு இல்லத்தின் மனவளர்ச்சி குன்றிய பெண்களைச் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து கருப்பை நீக்கும் அறுவையைத் தொடங்கினார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை, கர்ப்பமாகிவிடுவார்கள் என்ற பயம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பெண்கள் அமைப்புகளும் மருத்துவர்கள் சிலரும் போராடி நிறுத்துவதற்குள் 11 பெண்களுக்கு அறுவை முடிந்திருந்தது. கர்ப்பமாகிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் இல்லத்துக்குள் வரும் ஆணைத் தடுக்க வேண்டும். கருப்பையை எடுத்தால் கர்ப்பம்தான் தெரியாமல் போகும், கொடுமை தெரியாமலே தொடரும்.

என் மகள் பெரிய மனுஷி ஆனபோது, மஞ்சள் நீராட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "பேசாம கர்ப்பப்பைய எடுத்துடும்மா, உனக்கும் லேசு" என்றார். என் நன்மைக்காகவே சொன்னார். மகளிர் மருத்துவரிடம் போனேன். அவர் எங்கள் நோட்டைப் புரட்டினார். அந்த நாட்களில் வலிப்பு கூடுகிறதா என்று பார்த்தார். இரத்தப்போக்கைக் குறைக்கவும் தள்ளிப்போடவும் மருந்துகள் உண்டு, ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். அந்த வழியிலேயே இன்றும் போகிறோம். மாற்றுத் திறனாளிகளின் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 2010இல் இணைந்தது. மாற்றுத் திறனாளிகள், குழந்தைகள் உட்பட, மற்றவர்களைப் போலவே கருவளத்தை இழக்காமல் இருக்க வேண்டும் என்று அதன் 23ஆம் விதி சொல்கிறது. அதே உடன்படிக்கையில், கொடூரமான, இழிவான நடத்துமுறைக்கு எதிரான 15ஆம் விதிக்குத் தான் கட்டுப்படவில்லை என்று நம் நாடு விலக்கு வைத்திருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்பதும் அந்த விதிக்குள்தான் இருக்கிறது. இந்த விலக்கை அரசு திரும்பப் பெற வேண்டும். நம் மக்கள் பிரதிநிதிகள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளை வினை, பாவம், சாபம் என்பவர்களுக்கும் ஒரு சொல். தைப்பூசத்தன்று கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து பத்துமலையின் 272 படியும் ஏறுகிறோம். நானும் ஏறினேன். வேண்டுதல் மனதுக்குத் தெம்பு. ஆனால் போன பிறவியில் இவள் என்ன செய்தாளோ என்று கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்பது பக்தி ஆகாது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையை வெளியே காட்டுவதில்லை. சிகிச்சைக்குக் கூடத் தாமதமாக வருகிறார்கள்.

ஒரு தந்தை எடுத்த முடிவையும் சொல்கிறேன். ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓயேவுக்கு 1963இல் ஒரு மகன் பிறந்தான். மண்டையோட்டில் பெரிய குறை. அறுவை செய்தால் பிழைக்கலாம், ஆனால் மூளை வளர்ச்சி குன்றும் என்றார்கள். முடிவெடுக்க முடியாமல் தவித்த அந்த நாட்களில் அவர் ஹிரோஷிமாவுக்குப் போனார். அணுகுண்டில் சிதைந்தவர்களுக்கு, குணமாகாது என்று தெரிந்தும் நாள்தோறும் மருத்துவம் பார்த்த மருத்துவர்களைக் கண்டார். திரும்பி வந்து அறுவைக்குச் சம்மதித்தார். அந்த மகன் ஹிகாரி பிற்பாடு இசையமைப்பாளரானார், தந்தைக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது. இசையமைப்பாளர் ஆனதால் அந்த முடிவு சரியாகிவிட்டது என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சுரம்கூடப் பாடாமல் இருந்திருந்தாலும் அது சரிதான்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. 18 வயது நிறைந்ததும் சட்டப்படி உங்கள் பிள்ளை பெரியவர். அதுவரை பெற்றோர் என்ற முறையில் போட்ட கையெழுத்து அதே போல் இனிச் செல்லாது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் 'மனக் கோளாறு' என்பதற்குள் முழுமையடையாத மனவளர்ச்சியும் அடங்கும். அதன் 77ஆம் பிரிவு, தானே ஒப்புதல் தர இயலாத பெரியவரின் அறுவைக்கு உறவினர் ஒப்புதல் தரலாம் என்கிறது. சொத்தையும் ஆளையும் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் வழியாகக் குழு அமைக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் சாதாரணக் குடும்பம் வழக்கறிஞர் வைத்து அங்கே போவது எளிதா?

வேறு நாடுகளில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். சென்னையில் பூனம் நடராஜன் என்ற அம்மையார், கடுமையான குறைபாடுள்ள தம் மகனைப் போன்ற பிள்ளைகளுக்காக 1985இல் ஒரு மையம் தொடங்கினார். இன்று வித்யாசாகர் என்று பெயர். பின்னாளில் இந்தியாவின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவராகவும் இருந்தார். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறை, பலவகைக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு மாவட்ட அளவிலேயே குழு கூடிக் காப்பாளரை நியமிக்கலாம். சிங்கப்பூரில் 2008இல் இதற்கென்றே ஓர் அறக்காப்பு நிறுவனம் தொடங்கினார்கள். பெற்றோர் சேர்த்த பணத்தை, அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடும். நமக்கு 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் இருக்கிறது. அதை மீறினால் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. "எனக்குப் பிறகு யார்?" என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் பெற்றோருக்கு அந்தச் சட்டம் பதில் சொல்லவில்லை.

கடைசி முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் என் கணவரும் மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்திருக்கிறோம். நெஞ்சுச் சளி வந்தால் மருந்து உண்டு, ஆக்சிஜன் உண்டு. மீள வழியில்லை என்ற நிலையில் தொண்டையில் குழாய் போட்டு மாதக்கணக்கில் கருவியில் வைப்பது வேண்டாம். வலியும் மூச்சுத் திணறலும் எந்த நிலையிலும் தீர்க்கப்பட வேண்டும். இந்தத் தாளை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறோம். அவள் உடல்நிலை மாறினால் தாளையும் மாற்றுவோம். இன்னொரு குடும்பம் வேறு மாதிரி எழுதலாம், அதுவும் சரியாக இருக்கலாம். அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத இளம் மருத்துவரிடம் இதை முதல்முறையாகப் பேசும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் ஹோஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து, கட்டணம் வாங்காமல், நோவு தணிப்புப் பராமரிப்பு தருகிறது. குழந்தைகளையும் பார்க்கிறார்கள். நோவு தணிப்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்காதீர்கள்.

முடிவு எடுப்பது பெற்றோரும் மருத்துவரும். அதைச் சுமந்து நடத்த ஊர் வேண்டும். படுக்கையிலிருக்கும் பிள்ளையைப் பராமரிப்பவருக்குச் சமூக நல இலாகா தரும் உதவித்தொகையை 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தினார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை எடுக்காதவர்கள் எடுத்து, விண்ணப்பியுங்கள். ஆனால் பால்மாவும் டயப்பரும் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இந்த உதவித்தொகை எவ்வளவு நாள் வரும் என்று தெரியும். பணத்தைவிட எங்களுக்குக் குறைவாக இருப்பது ஆள்.

செமினி, காஜாங் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் மண்டபங்கள் வாரநாட்களில் பூட்டியே கிடக்கின்றன. வாரத்தில் ஒரு பிற்பகல் திறந்துவிடுங்கள். ஒரு சாய்வுப் பாதை கட்டுங்கள், நான்கு மெத்தை போடுங்கள். ஓய்வு பெற்ற மிஸ்ஸிகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். குழாயில் பால் விடுவதையும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும் முதுகு பிடிக்காமல் தூக்குவதையும் அவர்கள் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தாய் போய்த் தூங்கலாம், பல் மருத்துவரைப் பார்க்கலாம், மற்றப் பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போகலாம். வழக்கறிஞர்களாக இருப்பவர்கள் 18 வயதைத் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆண்டுக்கு ஒருநாள் இலவச ஆலோசனை தாருங்கள்.

வாசலில் உள்ள மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இந்தப் பயிற்சிக்கு வர விரும்புகிறவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்து இன்றைக்கு இங்கே வர முடியாமல் போன குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் பெயரையும் எழுதுங்கள். நாங்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறோம்.